கவியா போட்ட விலை

வீட்டை அளப்பதற்குக் கவியா ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்கினாள். தெருக்கோடியில் வேலை பார்க்கும் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய டேப்பின் ஒரு முனையை அம்மாவிடம் பிடிக்கக் கொடுத்தாள். அம்சவள்ளி அதைச் சுவரோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் வூட்டைச் சுத்திச் சுத்தி வர்ற. பொறந்ததுலேருந்து இருக்குற வூடுதானேடி. புதுசா என்ன தெரியப்போவுது?”

“அளவு தெரியணும்மா. குத்துமதிப்பா எழுதினா அண்ணன் என்ன நெனைக்கும்?”

“நெனைக்க என்ன இருக்கு? அவன்தான் உன்னையே வெலை போடச் சொல்லிட்டானே.”

அப்படிச் சொன்னது அண்ணன் மணிவண்ணன்தான். சிறுவாச்சூர் வீடு இறந்துபோன அப்பா உத்திராபதி பெயரில் இருந்தது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரிசு மூன்று பேர்: அம்மா, மணிவண்ணன், கவியா. மணிவண்ணன் அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் ஆபீஸில் வேலை பார்த்தான். மனைவி ஜோதியோடு அங்கேயே குடித்தனம். அம்மாவும் கவியாவும் சிறுவாச்சூரில். வீட்டைத் தன் ஒருவன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன், கவியாவின் பங்குக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுகிறேன், அம்மா ஆயுசுக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று போன மாதம் அவன்தான் பேச்சை எடுத்தான். அம்மா தன் பங்குக்குப் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“பேங்க்குக்கு மதிப்புப் போட்டுக் குடுக்குற இன்ஜினியரைக் கூப்புட்டா அஞ்சாயிரம், ஆறாயிரம்னு கேப்பான்,” என்றான். “நம்ம குடும்பத்துக்குள்ள அது எதுக்கு? நீதான் படிச்ச புள்ள. நீயே கணக்குப் போட்டுச் சொல்லு. நீ சொல்றதுதான் வெலை. அண்ணன் மறுபேச்சுப் பேச மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தை கவியாவை ஒரு மாதமாகத் தூக்கி நிறுத்தியிருந்தது. பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் டாக்டர் சீட்டில் ஒருமுறை, அட்டையில் ஒருமுறை, பில்லில் ஒருமுறை என்று மூன்று தடவை பார்ப்பாள். அப்படியும் ஆள் படி இறங்கிப் போன பிறகு, சரியாகத்தான் கொடுத்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவளை நம்பி ஒரு வீட்டின் விலையையே ஒப்படைத்திருந்தான் அண்ணன். பங்குப் பணம் வந்தால் இரண்டு வருஷ பார்மசி டிப்ளமோ படிப்பது, மீதி இருப்பதை வைத்துச் சின்னதாகத் தன் பெயரிலேயே ஒரு மருந்துக்கடை போடுவது என்று அவளுக்கு ஒரு திட்டமும் இருந்தது. அந்தத் திட்டத்துக்காக விலையைத் தன்னையறியாமல் கூட்டிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மனை முப்பதுக்கு அறுபது. ஆயிரத்து எண்ணூறு சதுரடி. கட்டடம் எழுநூற்று ஐம்பது. கட்டி இருபத்திரண்டு வருஷம். புதிதாகக் கட்டினால் சதுரடிக்கு என்ன ஆகும் என்று கொத்தனாரிடமே கேட்டு, அதில் பாதியைப் போட்டுக்கொண்டாள். சமையல்கட்டுச் சுவரில் வெடிப்பு, அதற்குக் கொஞ்சம் கழித்தாள். செப்டிக் டேங்க் சின்னது, அதற்கும் கழித்தாள். மொட்டைமாடியில் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குவது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அதை மறைத்தால் தப்பு என்று அதற்கும் கழித்தாள். கட்டடத்துக்கு ஏழு லட்சம் நின்றது.

மனைக்கு விலை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்கா, “ரோட்டுக்கு இம்மாம் பக்கத்துல இருக்குது, முப்பது முப்பத்தஞ்சு லட்சம்னு சொன்னாக்கூட வாங்கிட்டுப் போவான்” என்றாள். வாய்ப்பேச்சை எப்படி எழுதுவது? கவியாவுக்குக் கண்ணால் பார்க்கிற ஆதாரம் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் சாயங்காலம் போய்வரும் கம்ப்யூட்டர் வகுப்பில், பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போன மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்தாள். தங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்குள் கைமாறிய மனைகள் மூன்று கிடைத்தன. விற்றவர், வாங்கியவர், சதுரடி, தொகை எல்லாம் அதில் இருந்தது. தொகையைச் சதுரடியால் வகுத்தாள்.

முதல் மனை நானூற்றுப் பத்து ரூபாய். இரண்டாவது நானூற்றுப் பத்து. மூன்றாவதும் நானூற்றுப் பத்து.

கவியா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். விற்றவர்கள் மூன்று பேர், வாங்கியவர்கள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை. விலை ஒரு ரூபாய்கூட முன்னே பின்னே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கணக்கின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அதிலும் ஒன்றை நேர்மையாகக் கழித்தாள். மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கிற திங்கள், வெள்ளிகளில் தெருவில் வண்டி நிறுத்த இடமிருக்காது. வாசலை அடைத்து எவனாவது காரை நிறுத்திவிட்டுச் சாமி கும்பிடப் போயிருப்பான். அந்தத் தொந்தரவுக்கு நூற்றுக்கு ஐந்து. மனையும் ஏழு லட்சம் என்று வந்தது. ஆகமொத்தம் பதினாலு. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வாரம் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்து, நல்ல தாளில் எழுதி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மணிவண்ணனும் ஜோதியும் வந்தார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டுக் கைகழுவி வந்து, மணிவண்ணன் அந்த நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தான். நானூற்றுப் பத்து எழுதியிருந்த பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

“ஏ கவி, இன்ஜினியர் என்ன போடுவான் இதுக்கு மேல? செப்டிக் டேங்கைக்கூட வுடலியே நீ!”

“தப்பா ஏதாச்சும் இருந்தா சொல்லுண்ணே. மாத்திடலாம்.”

“ஒண்ணும் தப்பில்ல. கூட அம்பதாயிரம் சேத்துக்க. பதினாலரை. தங்கச்சிக்குக் குறைச்சுக் குடுத்தான்னு நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது பாரு.”

ஜோதி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்சவள்ளி சாயங்காலச் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, நீ என்ன சொல்ற?” என்று கவியா கேட்டதற்கு, “நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாச் சரி,” என்றாள். புதன்கிழமை பத்திரம் போடுவது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை சாயங்காலம், வகுப்பு தொடங்குவதற்கு முன், கவியா அந்தத் தாள்களைப் பக்கத்து இருக்கை இர்பானாவிடம் காட்டினாள். லப்பைக்குடிகாட்டுப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா துபாயில் இருபது வருஷம் சம்பாதித்து ஊரில் இரண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார். இர்பானா முதல் பக்கத்தைப் பார்த்து, “மாஷா அல்லா, என்னா நீட்டா எழுதியிருக்கே” என்றாள். மூன்றாவது பக்கத்துக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னடி?”

“இந்த நானூத்திப் பத்து எங்கேருந்து வந்துச்சு?”

“வில்லங்கத்துலேருந்துதான். மூணு மனையும் ஒரே வெலை பாரு.”

“ஒரே வெலையாத்தான்டி இருக்கும், லூசு. அது கவர்மெண்டு போட்ட வெலை. உங்க தெருவுக்கு இதுதான் கம்மிபட்சம்னு அவங்க ஒண்ணு வெச்சிருப்பாங்க. பத்திரத்துல எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. அதுக்கு மேல எழுதினா முத்திரைத்தாளுக்கு யாரு அழுவுறது? நெசமா குடுக்குறது வேற, தனியா கையில குடுப்பாங்க. எங்கத்தா வாங்குனப்ப பத்திரத்துல ஆறு லட்சம், கையில பதினெட்டு.”

கவியா அந்த மூன்று வரியையும் மறுபடி பார்த்தாள். “அப்ப மூணும் ஒண்ணா இருந்தது…”

“மூணு பேரும் ஒரே மாதிரி பொய் எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்.” இர்பானா அடுத்த பக்கத்தைப் புரட்டி மறுபடி சிரித்தாள். “அய்யோ, இது என்னாடி? திங்கள் வெள்ளி கூட்டம் வருதுன்னு தள்ளுபடியா? அந்தக் கூட்டத்துக்குத்தான்டி அங்க காசு! முன்னால ஒரு ரூமு எடுத்து பூஜை சாமான் கடை வெச்சா…” என்று ஆரம்பித்தவள் கவியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “உங்கண்ணனுக்கும் தெரிஞ்சிருக்காதுடி. அவரும் ஏமாந்திருப்பாரு. போன் போட்டுச் சொல்லு, மாத்திக்கலாம்.”

அப்படித்தான் இருக்கும் என்று கவியாவும் நினைத்தாள். தப்பு தன்னுடையது. தப்பான கணக்கை அண்ணனிடம் கொடுத்து அவனையும் தப்பாக நினைக்க வைத்துவிட்டோம். ஆனால் சரியான விலை தெரியாமல் போன் போட்டு என்னவென்று சொல்வது? மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், அந்த மூன்று மனைகளில் ஒன்றை விற்ற முத்துசாமியைப் பார்க்கப் போனாள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு டயர் பஞ்சர் கடை. அப்பாவின் கூட்டாளி.

“பத்திரத்துல கிடக்கறதை வுடு பாப்பா. சதுரடி ஆயிரத்து முந்நூறுக்குக் குடுத்தேன்,” என்றார் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி. “இப்ப இன்னும் ஏறியிருக்கும். ஏன், வூட்டை விக்கிறீங்களா?”

“இல்ல சித்தப்பா. அண்ணன் பேருக்கு மாத்துறோம். அதான் வெலை தெரிஞ்சுக்கலாம்னு.”

“அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்த?” அவர் நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். “உங்கண்ணனையே கேக்க வேண்டியதுதானே. பார்ட்டியை இட்டாந்து வெலை பேசி முடிச்சுக் குடுத்ததே அவன்தான். சாட்சிக் கையெழுத்தும் அவனேதான் போட்டான். ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கிட்டுப் போனான், கெட்டிக்காரப் பய.”

தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. அவர் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார்.

அன்று கடையில் கவியா இருமல் மருந்துக்குப் பதில் வேறொன்றை எடுத்து வைத்து, முதலாளியிடம் திட்டு வாங்கினாள். அவள் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. நானூற்றுப் பத்து எழுதியிருந்த பக்கத்தில் அவன் கொஞ்சநேரம் நின்றானே, அந்தக் கொஞ்சநேரத்தில். ‘தப்பா ஏதாச்சும் இருந்தா சொல்லுண்ணே’ என்று அவள் கேட்டாளே, அதற்குப் பிறகு. அம்பதாயிரம் கூடப் போட்டானே, அப்போது. அப்போதெல்லாம் அவனுக்கு நிஜ விலை தெரிந்திருந்தது. அண்ணனுக்குப் போன் பண்ணவில்லை. போனில் கேட்டால் அவன் ஏதாவது சொல்லுவான், தானும் நம்பிவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப்பற்றித் தெரிந்திருந்தது. அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மா பாவம், மகன்மேல் வைத்திருக்கும் நினைப்பு கெட்டுப்போக வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பெரம்பலூரில் பத்திர ஆபீஸுக்கு எதிரே, பத்திரம் எழுதும் முருகையனின் தகரக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. முருகையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆதார் நகலைக் கேட்டார். கவியா கொடுக்கவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“வூட்டு வெலை பதினாலரைன்னு நீ ஒத்துக்கிட்ட.”

“நீ போட்ட வெலை. நான் எங்க ஒத்துக்கலன்னேன்?”

“அதே வெலைக்கு நான் எடுத்துக்கறேன். நீ உன் பங்கை எனக்கு எழுதிக் குடுத்துடு. உனக்கு வர வேண்டிய நாலு லட்சத்து எண்பத்து மூவாயிரத்த லோன் போட்டு ஒரு மாசத்துல குடுத்துடறேன். அம்மா என்கூடவே இருக்கட்டும்.”

முருகையனின் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. மணிவண்ணன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜோதிக்குத்தான் பொறுக்கவில்லை.

“நல்லாருக்கே கதை! அந்த வெலைக்கு எவனாச்சும் வூட்டை எழுதிக் குடுப்பானா? நாங்க என்ன இளிச்சவாயா?”

சொல்லி முடித்த பிறகுதான் ஜோதிக்கு, தான் சொன்னது என்னவென்று தெரிந்தது. கணவனின் முகத்தைப் பார்த்தாள். மணிவண்ணன் கழுத்தைத் திருப்பி வெளியே ரோட்டைப் பார்த்தான்.

“இல்ல அண்ணி,” என்றாள் கவியா. “இளிச்சவாய் நான்தான்.”

“ஏய், என்ன ரொம்பப் பேசுற?” மணிவண்ணன் எழுந்துவிட்டான். “நான் உன்னை ஏமாத்துனனா? ஒத்த ரூவா குறைச்சனா? நீ போட்ட வெலை, நீ எழுதுன தாளு. மேல அம்பதாயிரம் நானாத்தானே குடுத்தேன்?”

“முத்துசாமி சித்தப்பா மனையை நீதானேண்ணே பேசி முடிச்ச? ஆயிரத்து முந்நூறுன்னு உனக்குத் தெரியும். நான் நானூத்திப் பத்துன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு, ஒண்ணும் தப்பில்லன்னு சொன்ன.”

“நீ கேட்டியா என்னை, அந்த மனை என்ன வெலைக்குப் போச்சுன்னு?”

“தப்பு இருந்தா சொல்லுன்னு கேட்டேன்.”

மணிவண்ணன் கையை நீட்டி அம்மாவைக் காட்டினான். “என்னை மட்டும் நிக்க வெச்சுக் கேள்வி கேக்குற. அம்மாவுக்குந்தான் தெரியும். அம்மாவைக் கேளு!”

கவியா திரும்பினாள். அம்சவள்ளி மடியில் வைத்திருந்த பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

“அம்மா?”

“முத்துசாமி சம்சாரம் அன்னிக்கே வந்து சொன்னா,” என்றாள் அம்சவள்ளி தலையைத் தூக்காமல். “இவ்வளவு வந்துச்சுன்னு.”

முருகையன் மெதுவாக எழுந்து, “நான் ஒரு டீ சாப்புட்டு வந்துடறேங்க. நீங்க பேசிக்கிட்டு இருங்க” என்று வெளியே போனார். மணிவண்ணன் நிற்கவில்லை. “பேசி முடிச்சுட்டுச் சொல்லு. இல்லன்னா எவன் காலையும் நான் புடிக்கப் போறதில்ல” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஜோதி பின்னால் ஏறிக்கொண்டாள். அரியலூர் ரோட்டில் வண்டி திரும்புகிற வரை அம்சவள்ளி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றாள் கவியா. “நான் டேப்பைப் புடிச்சு அளந்தப்ப நீதானே அந்தப் பக்கம் புடிச்சுக்கிட்டு நின்ன.”

“சொன்னா என்னா ஆவும்? வெலையை ஏத்திப் போடுவ. அவ்வளவு பணத்துக்கு அவன் எங்க போவான்? வித்துப் பங்கு போடலாம்பான். வித்துட்டா நான் எங்கடி போவேன்? அரியலூருல அவ சமையல்கட்டுல போயி நிக்கவா? நீ இன்னிக்கோ நாளைக்கோ ஒருத்தன் கூடப் போயிடுவ.” பேசப் பேச அவளுக்குத் தைரியம் வந்தது. “உனக்கு வேலை இருக்கு, படிப்பு இருக்கு. கொஞ்சம் கம்மியா வந்தாத்தான் என்ன? எனக்கு இந்த வூடுதானேடி இருக்கு.”

அம்மா சொன்னதைக் கவியா திரும்ப ஒருமுறை, இன்னொரு முறை மனசுக்குள் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“அம்மா, நான் கையெழுத்துப் போடாம அந்த வூட்டை முழுசா யாரும் விக்க முடியாது. நீ போடாமலும் முடியாது. மூணு பேரும் போட்டாத்தான் விக்கலாம். அப்பா போன அன்னிலேருந்து அப்படித்தான் இருக்கு. உன்னை எவனும் வெளிய அனுப்ப முடியாது. நீ என்கிட்ட ஒரு வார்த்தை, எனக்குப் பயமா இருக்குடின்னு சொல்லியிருந்தா நான் இதைச் சொல்லியிருப்பேன். வேணும்னா என் பங்கைக்கூடக் கேட்டிருக்கலாம். சும்மாவே குடுத்திருப்பேன்.”

அம்சவள்ளி பையின் ஜிப்பை மறுபடி இழுத்து மூடினாள்.

“இந்தப் பத்திரம் போட்டாத்தான் முழு வூடும் அண்ணன் பேருக்குப் போவும். அப்புறம் அண்ணியே சொன்னாலும் போதும், நீ வெளிய. என்னை ஏமாத்தி நீ வாங்கப் பாத்தது அதைத்தான்.”

முருகையன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். பத்திரம் வேண்டாம், வீடு மூன்று பேர் பெயரிலேயே இருக்கட்டும் என்று கவியா அவரிடம் சொல்லி, டைப் அடித்ததற்கு உண்டான கூலியைக் கேட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளத் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார்.

சிறுவாச்சூர் போகும் டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்சவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைத் தூக்கி மடியில் வைத்துப் பக்கத்தில் இடம் விட்டாள். கவியா இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நாலு ரோட்டைத் தாண்டியதும் அம்மா திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்னால் போகும் வரை காத்திருந்து, இருக்கையின் மேல் கையை ஊன்றிக் கேட்டாள்.

“ஏன்டி, இனிமே அவன் வூட்டுக்கு வருவானா?”

கவியா வெளியே பார்த்தாள். அம்மா கேட்பாள் என்று வேறொரு கேள்வியை அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கேள்வி என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை; ஆனால் இது இல்லை.

“தெரியலம்மா,” என்றாள். “போன் போட்டு நீயே கேட்டுக்க.”

பஸ் சிறுவாச்சூரில் நிற்கும் வரை அம்மா மணியடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், மறுபக்கம் யாரும் எடுக்காத போனைக் காதில் வைத்தபடி.